பிடித்துக்கொண்டு போனது யார்? – அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட் உறுப்பினர்களுக்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதே மடலின் ஆங்கிலப் பிரதியை என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இங்கே தமிழில் எழுதுவது, இந்த நாட்டில் இருக்கிற எங்கட ஆக்களும் வாசித்து அவரவர் உறுப்பினருக்கு ஒரு போன் அழைப்பாவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான். கேட்பது பெரிய விசயமில்லை. குடிவரவுச் சட்டத்தின் பேரில் ஒருவரைப் பிடிக்கப் போகிற அதிகாரி, தான் எந்தத் துறை, தன் எண் என்ன என்பதை எதிரே நிற்பவர் வாய் திறந்து கேட்காமலே கண்ணால் காணும்படி அணிந்திருக்க வேண்டும். அதைச் சட்டமாக்குங்கள்.

நான் நியூ ஜேர்சியில் ஒரு குடிவரவு லோயரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அகதித் தஞ்சம் கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்களின் சத்தியக் கடதாசியை எழுதுவதுதான் என் வேலையில் பெரும் பங்கு. வடக்கு கிழக்கிலிருந்து வரும் தமிழர் என்றால் அந்தக் கதையில் ஒரு இடம் கட்டாயம் வரும்.

“ஆர் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனது?”

“தெரியாது. நாலு பேர். சிவில் உடுப்பு. முகத்தில துணி கட்டியிருந்தவங்கள். வெள்ளை வான். நம்பர் பிளேட் இல்லை.”

இந்தப் பதிலை இப்படியே எழுதிக் கொடுத்தால் கேஸ் தோற்றுவிடும். விசாரணையில் அரசாங்கத் தரப்பு லோயர் எழுந்து, அவர்கள் அரசாங்க ஆட்கள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். கொள்ளைக்காரராக இருக்கலாம், காணிச் சண்டையாக இருக்கலாம், கடன் கொடுத்தவன் அனுப்பிய ஆட்களாகவும் இருக்கலாம். அதனால் நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். என்ன பாஷையில் கதைத்தார்கள்? தலைமயிர் எப்படி வெட்டியிருந்தது? காலில் சப்பாத்தா, செருப்பா? ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஒரு மணித்தியாலம் போன பிறகு சிலருக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வரும். “சென்றிப் பொயின்ற்ல வான் நிக்கேல்லை. அங்க நிண்டவன் கையை மட்டும் காட்டினவன்.” அந்த ஒரு வசனம் எங்களுக்குப் பொன். சோதனைச் சாவடியில் நிற்காமல் போகக்கூடிய வான் யாருடையது என்பதை எந்த நீதிபதிக்கும் விளக்கலாம்.

இப்படி நம்பர் இல்லாத வானையும் முகம் இல்லாத மனிதரையும் ஒரு அரசாங்கத்தோடு கொண்டுபோய்ப் பொருத்துவதே என் தொழில். அதனால்தான் 2025 தொடக்கம் இங்கே குடிவரவு அதிகாரிகள் முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

2017இல் ஈழத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்தார். எல்லையிலிருந்து 25 யார் தூரத்துக்குள்ளேயே பிடிபட்டார். தன்னை ஒரு கூட்டம் கடத்திக்கொண்டு போய் மோசமாக அடித்தது என்று அவர் சொன்னதைத் தஞ்ச அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. தஞ்சம் கேட்கும் தகுதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூன் 25 அன்று 7க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதன் முதல் பக்கங்களில் வருகிற அந்தத் தகவலைத்தான் காட்டுகிறேன். அடித்தவர் யார் என்று அடிபட்டவருக்குத் தெரியாது என்பது அங்கே அடிபட்டவரின் குறையாக ஏறிவிட்டது. அந்த வழக்கில் எதிர்த் தரப்பில் நின்றது, குடிவரவு அதிகாரிகளும் எல்லைக் காவலும் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை.

அதே துறையின் ஆட்கள் 2025 மார்ச் 25 அன்று மசாசூசெட்ஸ் மாநிலம் சொமர்வில்லில் ஒரு தெருவில் என்ன செய்தார்கள் என்று நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கமராவில் பதிவாகியிருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் துருக்கி மாணவி நோன்பு திறக்கப் போய்க்கொண்டிருக்கிறார். சாதாரண உடுப்பில், தொப்பி வைத்த மேலங்கியோடு ஒருவர் முதலில் வந்து கையைப் பிடிக்கிறார். அந்த மாணவி கத்துகிறார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வருகிறார்கள். ஆட்கள் சேரச் சேர முகங்கள் துணிக்குள் போகின்றன. வழியில் போன ஒருவர், ஏன் முகத்தை மறைக்கிறீர்கள் என்று கேட்பதும் பதிவில் இருக்கிறது. தன்னைச் சுற்றி நின்றவர்கள் பொலிஸ் என்று தான் நம்பவில்லை, கொல்லத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன் என்று அந்த மாணவி பின்னர் நீதிமன்றத்துக்குச் சொன்னார். அன்றிரவே நியூ ஹாம்ப்ஷயர், வெர்மொண்ட் என்று கொண்டுபோய், மறுநாள் லூசியானாவில் வைத்தார்கள். நீதிமன்றம் அவரை விடுவிக்க மே 9 ஆயிற்று.

அந்த வீடியோவை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வவுனியாப் பக்கத்து ஆள். “இவங்கள் ஆர், இந்த நாட்டு சி.ஐ.டி.யோ?” என்று கேட்டார். அந்த நேரம் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் லோயருக்கும் தெரியவில்லை.

எங்கட ஊர்களில் சுற்றிவளைப்பு நடந்த காலத்தை அறிந்தவர்களுக்குத் தலையாட்டியைத் தெரியும். ஊர்ச் சனத்தை வரிசையாக நிற்க வைத்து, சாக்கால் தலையை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் தலையாட்டினால் ஆள் போச்சு. அப்போது முகத்தை மூடியது தலையாட்டி மட்டும்தான். துவக்கோடு நின்றவனின் முகம் தெரிந்தது, எந்த முகாம் என்று தெரிந்தது, அடுத்த நாள் தாய்மார் அந்த முகாமின் வாசலில் போய் நின்று பிள்ளையைக் கேட்க முடிந்தது. கேட்டால் கிடைக்கும் என்று இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. வெள்ளை வான் வந்த காலத்தில் துவக்கு வைத்திருந்தவனும் முகத்தை மூடினான். எந்த வாசலுக்குப் போவது என்றே தெரியாமல் போயிற்று. எங்கள் அயலில் ஒரு தாய் மகனைத் தேடி ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டார்கள், “ஆர் கொண்டு போனது?” தெரியாது என்றார். புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட உட்கார்ந்தார்களே, அவர்கள் கையில் இருந்த படங்களுக்குப் பின்னால் இருந்ததும் பெரும்பாலும் இதே கேள்விதான்.

அமெரிக்காவும் இலங்கையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பிடிபட்டவரின் பெயரை இணையத்தில் தேடலாம், தாமதமாகவாவது லோயர் போய்ப் பார்க்கலாம், நீதிபதிகள் இன்னும் உத்தரவு போடுகிறார்கள். அந்த வேறுபாடு பெரியது. ஆனால் ஒரு விசயத்தில் இரண்டு நாட்டு விதிகளும் அச்சொட்டாக ஒரே ஓட்டையோடு எழுதப்பட்டிருக்கின்றன, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இலங்கை ஜனாதிபதி 2006 ஜூலையில் முப்படைகளுக்கும் பொலிசுக்கும் ஒரு பணிப்புரை விடுத்தார். கைது செய்பவர், கைதாகிறவரோ உறவினரோ கேட்டால், தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் இருந்தது. கைதுக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். வாசிக்க நன்றாக இருக்கும். 2007 ஏப்ரலில் அதை மறுபடியும் சுற்றுக்கு விட்டார்கள். வெள்ளை வான்கள் மிக மும்முரமாக ஓடியது அந்த ஆண்டுகளில்தான். துவக்கு முனையில் நிற்கிறவன் “ஐயா, உங்கட பெயரும் பதவியும் என்ன?” என்று கேட்பான் என எதிர்பார்த்து எழுதிய விதி அது.

இனி உங்களுடையது. குடிவரவு அதிகாரிகள் கைது செய்யும்போது, நடைமுறைக்கு ஏற்றதாகவும் பாதுகாப்பாகவும் ஆனவுடன் தாங்கள் குடிவரவு அதிகாரிகள் என்று அடையாளம் சொல்ல வேண்டும் என்று மத்திய ஒழுங்குவிதி சொல்கிறது. 287.8 என்ற அந்தப் பிரிவை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எண்ணைச் சொல்லியே கூப்பிடுவோம். பாதுகாப்பான நேரம் எது என்று தீர்மானிப்பது யார்? அதிகாரிதான். தெருவில் இல்லை, வானுக்குள் ஏற்றிய பிறகுதான், இல்லை, அலுவலகத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பாதுகாப்பு என்று அவர் சொன்னால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் ‘குடிவரவு அதிகாரி’ என்று சொன்னால் போதும். பெயரோ எண்ணோ சொல்ல வேண்டும் என்று அந்த வரியில் கிடையாது. மார்பிலே ‘பொலிஸ்’ என்று மட்டும் எழுதிய சட்டையோடு வந்து நின்றால், அது ஊர்ப் பொலிசா, ஐஸ் (ICE) என்ற குடிவரவு அமலாக்கப் பிரிவா, எல்லைக் காவலா, வேறு எந்தத் துறையிலிருந்து உதவிக்கு வந்தவர்களா என்று அயலில் நிற்கிற பொலிஸ்காரருக்கே தெரிவதில்லை.

இந்த ஓட்டையை அடைப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்களே ஒருமுறை அடைத்திருக்கிறீர்கள். 2020 கோடையில் போர்ட்லாண்டிலும் வாஷிங்டனிலும் எந்தத் துறை என்று தெரியாத சீருடைகளில் மத்திய ஆட்கள் இறங்கியபோது நாடே கேட்டது. அடுத்த பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில், கலவரங்களைக் கையாள வரும் மத்திய அதிகாரிகள் தங்கள் பெயரையோ தனிப்பட்ட அடையாளக் குறியையோ, துறையின் பெயரோடு சேர்த்துத் தெரியும்படி அணிய வேண்டும் என்று சேர்த்தீர்கள். ஜனாதிபதியின் வீட்டோவைத் தாண்டி 2021 ஜனவரி 1 அன்று அது சட்டமானது. ஆர்ப்பாட்டக்காரர் முன்னால் நிற்கும் அதிகாரிக்கு இருக்கிற கடமை, அதிகாலையில் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற தகப்பனைப் பிடிக்கிற அதிகாரிக்கு ஏன் இல்லை?

முகமூடிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணத்தை நான் தட்டிக் கழிக்கவில்லை. அதிகாரிகளின் முகங்களும் விலாசங்களும் இணையத்தில் பரவுகின்றன, வீட்டுக்காரருக்கு மிரட்டல் வருகிறது என்று ஐஸின் பதில் இயக்குநர் 2025 ஜூனில் சொன்னார். அந்தப் பயம் உண்மையாக இருக்கலாம். வீட்டு வாசலுக்கு யாரோ வருவார்கள் என்ற பயத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதற்காகத்தான் பெயரைக் கேட்கவில்லை, எண்ணைக் கேட்கிறேன். அந்த எண் யாருடையது என்ற பதிவேடு துறையிடம் இருக்கட்டும், தேவைப்பட்டால் நீதிமன்றம் திறக்கட்டும். லண்டன் பொலிஸ்காரரின் தோளில் எழுத்தும் எண்ணும் இருக்கிறது, அதைக் கொண்டு யாரும் அவர் வீட்டைக் கண்டுபிடித்துவிட முடியாது. (2009 ஏப்ரலில் ஜி20 ஆர்ப்பாட்டத்தின்போது அங்கே சில பொலிசார் அந்த எண்ணை மறைத்துவிட்டு நின்றது பெரிய பிரச்சினையானது. அதே மாதம் எங்கட சனம் நாடாளுமன்றச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தோள்களைப் பார்க்கப் பழகியது அப்போதுதான் என்று அங்கிருக்கும் என் மச்சாள் சொல்லுவாள்.)

முகத்தை மூடினால் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையும் சரிவரவில்லை. 2026 ஜனவரியில் மினியாபோலிசில் அமெரிக்கக் குடிமக்கள் இரண்டு பேர் குடிவரவு நடவடிக்கைகளின்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள், 7ஆம் திகதி ஒருவர், 24ஆம் திகதி இன்னொருவர். சுட்டவர்களின் பெயர்களைத் துறை சொல்லவில்லை, பத்திரிகையாளர்கள்தான் தேடி எடுத்தார்கள். அதற்கிடையில் என்ன நடந்தது? முகமூடியைக் கழற்றிய முகம் என்று சொல்லி, செயற்கை நுண்ணறிவால் செய்த பொய்ப்படங்கள் பரவின. சம்பந்தமே இல்லாத ஆட்களின் பெயர்கள் அடிபட்டன. மார்பில் ஒரு எண் இருந்திருந்தால் அந்த அப்பாவிகளின் வீட்டுத் தொலைபேசி அன்றைக்கு அடித்திருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஆளுங்கட்சி உறுப்பினர்கள்கூடத் தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். 2025 ஜூன் 14 அன்று மினசோட்டாவில் பொலிஸ் வேடம் போட்ட ஒருவன், பொலிஸ் வாகனம் போலத் தோன்றும் வண்டியில், முகத்தில் முகமூடியோடு வந்து கதவைத் தட்டி, மாநிலப் பிரதிநிதி மெலிசா ஹோர்ட்மனையும் அவர் கணவரையும் சுட்டுக் கொன்றான். ஒரு மாநிலச் செனட்டரையும் அவர் மனைவியையும் சுட்டான், அவர்கள் தப்பினார்கள். அதே ஆண்டில் ஐஸ் அதிகாரி என்று சொல்லி ஆட்களை மிரட்டியவர்கள் வேறு மாநிலங்களில் பிடிபட்டார்கள். அசல் அதிகாரி முகமூடியோடும் அடையாளம் இல்லாமலும் வருவது வழமையானால் போலி ஆளுக்கு வேறு என்ன வேண்டும்? கடையில் ஒரு கறுப்புத் துணியும் ஒரு சட்டையும் வாங்கினால் காணும். எங்கள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ‘கதவைத் திறக்காதீர்கள், நீதிபதி கையெழுத்திட்ட பிடியாணையைக் கதவுக்குக் கீழால் தள்ளச் சொல்லுங்கள்’ என்று எழுதி எழுதிக் களைத்துப்போனோம். தெருவில் கதவு ஏது?

நடந்து முடிந்த பிறகு முறைப்பாடு செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். யாருக்கு எதிராக? அதிகாரியை நேரடியாக வழக்குக்கு இழுக்கும் வழியை 2022இல் எல்லைக் காவல் அதிகாரி சம்பந்தப்பட்ட ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ மூடிவிட்டது. துறைக்குள்ளேயே இருந்த குடிமை உரிமைகள் அலுவலகத்தின் ஊழியர்களை 2025 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியிருக்கிற படிவங்களில் எல்லாம் இன்றைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதிகாரியின் பெயர் அல்லது அடையாள எண். அந்தக் கட்டத்தில் நாங்கள் ‘உயரம் ஆறடி, பச்சை நிறத் துணி, இடக் கையில் பச்சை குத்தியது’ என்று எழுதி அனுப்புகிறோம். நான் ஊர்க் கேஸ்களுக்கு எழுதும் அதே எழுத்து, அதே மேசை.

மசாசூசெட்ஸ் மத்திய நீதிமன்றத்தில் றேகன் நியமித்த நீதிபதி வில்லியம் யங், 2025 செப்டெம்பர் 30 அன்று எழுதிய தீர்ப்பில், முகமூடியின் நோக்கம் அமெரிக்கர்களை அச்சுறுத்தி வாயடைக்க வைப்பதுதான் என்று முகத்துக்கு நேரே எழுதினார். அதற்குமேல் நான் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

மாநிலங்கள் தங்களால் ஆனதைச் செய்து பார்க்கின்றன. கலிபோர்னியா 2025 செப்டெம்பரில் முகமூடிக்கு ஒரு சட்டமும் அடையாளத்துக்கு ஒரு சட்டமும் கொண்டுவந்தது. நவம்பரில் மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. மத்திய அதிகாரி என்ன உடுக்க வேண்டும் என்று மாநிலம் சொல்லலாமா என்று லோயர்மார் வருசக்கணக்கில் அடிபடுவார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. செனட்டர்கள் பாடிலாவும் புக்கரும் 2025 ஜூலையில் கொண்டுவந்த சட்டமூலத்தில் நான் கேட்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஐஸுக்கென்று 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் ஏறத்தாழ 7,500 கோடி டொலர் ஒதுக்கியிருக்கிறீர்கள். சட்டையில் ஒரு எண்ணைத் தைக்கக் காசில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கட ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. “நாங்கள் பேப்பரோடை இருக்கிறம், எங்களுக்கென்ன” என்று கோயில் மண்டபத்தில் சொன்ன அண்ணைக்கு நான் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். கிறீன் கார்ட் உங்கள் பர்சுக்குள் இருக்கிறது, நிறம் வெளியே இருக்கிறது. முகம் மூடியவன் கையைப் பிடிக்கும்போது நீங்கள் திமிறினால் அது அதிகாரியைத் தாக்கிய குற்றம். திமிறாமல் போனால், அவன் போலி என்றால், உங்களைத் தேடுவதற்கு நாங்கள் எங்கே போவது?

சட்டமூலம் குழுவுக்கு வரும்போது சில இடங்களைக் கவனமாகப் பாருங்கள். ‘கேட்டால்’ என்ற சொல் எங்கே வந்தாலும் வெட்டிவிடுங்கள். ‘நடைமுறைக்கு ஏற்றவுடன்’ என்பதையும் அப்படியே. எண் நெஞ்சிலும் முதுகிலும் பத்தடி தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும், இடுப்புப் பட்டியில் சட்டைக்குக் கீழே தொங்கும் வில்லை காணாது. மாறுவேடத்தில் உளவறியும் வேலைக்கு விலக்கு வேண்டும் என்பார்கள், கொடுங்கள். ஆனால் கைது செய்கிற கணத்தில் மாறுவேடம் முடிந்துவிட்டது என்று அதே பந்தியில் எழுதுங்கள். பிறகு, எண் இல்லாமல் நடந்த கைதுக்கு என்ன விளைவு என்பதையும் எழுதுங்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் பொலிசார் பெயர்ப்பட்டி தெளிவாகத் தெரிய அணிய வேண்டும் என்று ஆணையிட்டது, அது பின்னர் சட்டத்திலும் ஏறியது. அணியாமல் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தமிழ்நாட்டில் எந்த லோயரையும் கேளுங்கள், சிரிப்பார். அதனால் தண்டனை ஒன்றும் இருக்க வேண்டும். துறை பதிவேட்டைக் காட்ட மறுத்தால் கைதின்போது சேகரித்த ஆதாரம் குடிவரவு நீதிமன்றத்தில் செல்லாது என்று வைத்தால், அடுத்த கிழமையே எல்லார் சட்டையிலும் எண் ஏறிவிடும்.

குழுவின் விசாரணைக்கு எழுத்துமூலச் சாட்சியம் ஏற்றுக்கொள்வீர்கள் என்றால், பெயர்களை நீக்கி, எங்கள் அலுவலகத்தின் கோவைகளிலிருந்து ‘யார் பிடித்தது’ என்ற பகுதிகளை மட்டும் தொகுத்து அனுப்பச் சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இலங்கைக் கைதுகளும் உண்டு, நியூ ஜேர்சிக் கைதுகளும் உண்டு. எது எந்த நாடு என்று பக்கத்தின் மேலே குறித்துத்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
நியூ ஜேர்சியிலிருந்து ஒரு வாக்காளர்